அக்காவின் எள்ளுருண்டை டின்

தேவலோகத்தையும் இந்நேரம் அதட்டி ஆண்டுகொண்டிருக்கும் என் அருமை அக்காவுக்கு,

நீ போன பிறகு உன் எள்ளுருண்டை டின் உன் மகள் பத்மாவின் வீட்டுக்குப் போய்விட்டது. நகைப்பெட்டி காணாமல் போயிருந்தால்கூட இவ்வளவு சேதம் வந்திருக்காது.

பத்மாவுக்கு மாதவிலக்கு நின்று இரண்டு வருஷம் ஆகிறது. உடம்பு குப்பென்று எரிகிறது, வேர்த்துக் கொட்டுகிறது என்றாள். அவ்வளவுதான். ஊரே ரேஷன் அரிசிக்கு வரிசையில் நிற்கும் இந்தக் காலத்தில், அவள் நாத்தனார் ரத்னா எள், வெந்தயம், உளுந்து என்று இறக்கிய மூட்டைகளைப் பார்த்திருந்தால், நம் ஊர் மலைக்கோட்டையை அந்தக் காலத்தில் முற்றுகையிட வந்த சேனைகளே வெட்கப்பட்டுத் திரும்பியிருக்கும். பொழுது சாய்ந்தால் சாப்பிடாத ஜைன வீடு என்பதால் பிழைத்தாள். இல்லையென்றால் தூக்கத்திலும் ஊட்டியிருப்பார்கள்.

எரிச்சல் கொஞ்சம் தணிந்ததாம். சரி, எள்ளுக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

ஆனால் போன மாதம் மறுபடி உதிரம் பட்டிருக்கிறது. இந்த மாதமும். ஆண்கள் காதில் விழக்கூடாத சேதியாம். கடைத்தெரு முழுக்கச் சுற்றிவிட்டுக் கடைசியாக என்னிடம் வந்தது. ஓடினேன். ரத்னா பாயசத்தோடு நிற்கிறாள்!

"எள்ளு வேலை செஞ்சிடுச்சு மாமா! அண்ணிக்கு வயசு திரும்புது!"

"நின்னுபோனது திரும்பி வந்தா டாக்டரம்மாகிட்ட காட்டணும். பாயசம் இன்னாத்துக்கு?"

பத்மா தலையைக் குனிந்துகொண்டாள். "அம்மாவுக்கும் இப்டித்தான் வந்துச்சு மாமா. எங்கிட்ட மட்டும் சொல்லி சிரிச்சாங்க. எள்ளுதானே சாப்ட்டாங்க?"

"சாப்ட்டா. இப்ப எங்கடி உங்கம்மா?"

பாயசம் ஆறியது.

ஏன் அக்கா, அப்படி என்ன வெட்கம் உனக்கு? ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருந்தால் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திண்டிவனம் வரை ஓடியிருக்க மாட்டேனா?

டின்னைக் கோட்டை மலையான ராஜகிரியின் அடிவாரத்தில் குரங்குகளுக்குக் கவிழ்த்துவிட்டேன். இந்நேரம் கிழட்டுப் பெண்குரங்குகளெல்லாம் சீமந்தத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கும்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் திண்டிவனத்து லேடி டாக்டரிடம் போகிறோம். ரத்னாவும் வருகிறாள், அழுதுகொண்டே. ஒன்றுமில்லை என்றும் சொல்லலாம். வேறு ஏதாவதும் சொல்லலாம். எது சொன்னாலும் பத்மாவின் கை என் கையில் இருக்கும். இது உனக்கு நான் தரும் வாக்கு.

நீ மட்டும் அங்கே உருண்டை பிடித்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்க்காதே. அவள் இப்போதைக்கு வரமாட்டாள்.

உன்மேல் கோபம் இன்னும் ஆறாத,
தம்பி தர்மராஜன்