பட்டினி போட்ட தட்டுகள்

ஜூன் 4, செவ்வாய்

கிளாரியின் தோல் செல்களில் மிச்சம் ஒரே ஒரு குப்பி. எண்பது தாண்டிய பால்பண்ணைக்காரர். கண்ணில் நடுப்பார்வை போய்க்கொண்டிருக்கிறது. அந்தத் தோலை ஸ்டெம் செல்லாக மாற்றி, அதிலிருந்து விழித்திரை வளர்த்தால், ஏன் போகிறது என்று பார்க்கலாம். மாற்றும் மரபணுக்களை இரண்டு முறை கொடுத்தாயிற்று. மாறிய செல்கள் கூடி வளரும் திட்டு ஒன்றுகூட எழும்பவில்லை. மறுபடி தோல் எடுக்க அவர் உடம்பு தாங்காதாம்.

கிழட்டுச் செல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தில் பிரிகின்றன. பாதி தூக்கம். அவற்றுக்குத் தீனியான சீரத்தை நிறுத்திப் பட்டினி போட்டால் எல்லாம் ஒரே கட்டத்தில் நிற்கும். சாப்பாடு போட்டதும் ஒன்றாகக் கிளம்பும். அந்த நேரம் பார்த்து மரபணுவைக் கொடுக்கவேண்டும் என்கிறேன்.

எங்கள் ஆய்வகத் தலைவி ரொவீனா விடவில்லை. "ஒண்ணா கெளம்புனதால மாறலை, பட்டினியாலதான் மாறுச்சுன்னு எவனாவது சொன்னா? ஒப்பிட்டுக் காட்ட செல்லு ஏது உங்கிட்ட?"

இருப்பதே ஒரு குப்பிதான். ஆனாலும் சம்மதித்துவிட்டாள்.

ஜூன் 7, வெள்ளி

கடைசிக் குப்பியிலிருந்து நான்கு தட்டுகள், இன்குபேட்டரில் மேலே இரண்டு, கீழே இரண்டு. சீரம் நிறுத்தியாயிற்று. திங்கள் அரசர் பிறந்தநாள் விடுமுறை. விடுமுறையில் எல்லார் தட்டுகளுக்கும் தீனி போடும் முறை இந்தத் தடவை என்னோடு வேலை பார்க்கும் ஃபெலெதிக்கு.

ஜூன் 11, செவ்வாய்

பாவி. சனிக்கிழமையே என் மேல்தட்டு இரண்டுக்கும் முழுச் சாப்பாடு போட்டிருக்கிறான். சீரம் பாட்டில் தீர்ந்ததால் கீழ்த்தட்டு இரண்டும் தப்பின.

"பாவமா இருந்துச்சு, மார்லேனா. சுருங்கிக் கெடந்துச்சுங்க. எங்க டோங்கா தீவுக்காரங்க வீட்டுல யாரையும் பசியோட அனுப்ப மாட்டோம்."

"செல்லு என்ன உன் வீட்டு விருந்தாளியா?"

"நீ ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கலாம்ல?"

அது உண்மைதான். அதனால்தான் இன்னும் எரிச்சல். இருக்கிறதே அவ்வளவுதான் — அதில் பாதி போச்சு! சனிக்கிழமை கிளம்பியவை இதற்குள் பழையபடி கலைந்து அதனதன் போக்கில் போயிருக்கும். தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. கீழிரண்டுக்கு இன்று காலை சாப்பாடு போட்டேன்.

ஜூன் 12, புதன்

நான்குக்கும் மரபணு கொடுத்தேன். ஃபெலெதியுடன் பேசவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

கீழிரண்டிலும் திட்டுகள்! இறுக்கமாக, ஓரம் தெளிவாக, ஸ்டெம் செல்லுக்கே உரிய திட்டுகள். மேலிரண்டிலும் ஒன்றுமில்லை.

ரொவீனா நுண்ணோக்கியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "நாலும் ஒரே ஆளு செல்லு. நாலும் பட்டினி கெடந்துச்சு. மரபணு போனப்ப ரெண்டு சேர்ந்து ஓடிட்டு இருந்துச்சு, ரெண்டு கலைஞ்சு போச்சு. பெரிய வித்தியாசம் அதுதான். இப்படி ஒரு ஒப்பீட்டை நீயா யோசிச்சிருப்பியா?"

யோசித்திருக்க மாட்டேன். யோசித்தது ஃபெலெதியின் இரக்க குணம். ஆனால் பட்டினி என்னுடைய யோசனை, அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கண்ணாடியில் என்னைப் பார்த்து நானே சிரித்துக்கொண்டேன். பெருமையாக இருக்கிறது. இருக்கட்டுமே.

ஆகஸ்ட் 23, வெள்ளி

வேறு இரண்டு முதியவர்களின் செல்களில், இந்த முறை பட்டினி நாட்களைச் சமமாக்கி, வேண்டுமென்றே அதே தப்பைச் செய்தோம். அதே முடிவு. கட்டுரையில் ஃபெலெதி பெயரையும் சேர்த்தேன். "எந்த வேலைக்குன்னு போடுவ, சமையலா?" என்றான்.

செப்டம்பர் 26, வியாழன்

நாளை கால்பந்து இறுதிப்போட்டிக்காக ஊருக்கே விடுமுறை. இன்குபேட்டர் கதவில் ஃபெலெதியின் கொட்டை எழுத்தில் ஒரு சீட்டு: "கீழ்த்தட்டு பட்டினி. இரக்கப்படாதே."

கிளாரி வந்தார். திட்டுகளைப் பெரிய திரையில் போட்டேன். நேராகப் பார்த்தால் அவருக்குத் தெரியாது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, கண் ஓரத்தால் வெகுநேரம் பார்த்தார்.

"இதுல எது நான்?"

"எல்லாமே நீங்கதான்."

அவர் இன்னும் கொஞ்சம் திரும்பினார்.

"சாப்பிட்டானுங்களா?"

"ஆச்சு," என்றான் ஃபெலெதி. "மார்லேனாவைக் கேட்டுட்டுதான் போட்டேன்."