பொட்டுக்கு அடியில் பதினெட்டு

அக். 3, வெள்ளி
தூறல். வேப்பம்பட்டு முனைக்கு 5.10 வேன் 5.35க்கு வந்தது. கும்மிடிப்பூண்டி வரை தூக்கம். கழுத்துப் பிடிப்பு.

ஆயுத பூஜை முடிந்து முதல் நாள். லைன் முழுக்க மிதிபட்ட பொரி. எல்லா டூலுக்கும் சந்தனம், குங்குமம். போல்ட்டை அளவாக இறுக்கும் என் டார்க் ரெஞ்சுக்கும் பெரிய பொட்டு. சூப்பர்வைசர் ராமானுஜம் சார் தன் கையால் வைப்பார். திருவள்ளூரில் கோயில் கைங்கரியக் குடும்பம். அந்தப் பொட்டை யாரும் துடைக்க மாட்டோம், தானாக உதிர வேண்டும்.

பூஜைக்காக ரெஞ்சின் ஸ்ப்ரிங்கைத் தளர்த்தி வைத்திருந்தேன். மறுபடி இறுக்க அளவை 18இல் வைத்து ஆரம்பம். சைக்கிள் ஹேண்டில் போல்ட் மட்டும்தான் என் வேலை, ஆறு வருடமாக. டக் என்று சத்தம் வந்தால் இறுகிவிட்டது என்று அர்த்தம். உடனே போல்ட் மேல் பச்சைக் கோடு. அடுத்த சைக்கிள்.

அதிசயம், இன்று மணிக்கட்டு வலியே இல்லை. ஒரு நாள் லீவுக்கே இப்படியா.

வாங்க: உளுந்து, தைலம், இவருக்கு பிளேடு.

அக். 6, திங்கள்
வெயில். கரண்ட் இரண்டு முறை போனது.

என் வேலைக் காண்ட்ராக்ட் இந்த மாதத்தோடு முடிகிறது. சார் எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த வருடம். கேட்கக் கூச்சம்.

சனிக்கிழமை போன லாரி நாயுடுப்பேட்டை கடையில் வெள்ளிக்கிழமை வண்டிகளை இறக்கிவிட்டதாம். மீதி குடோனில், அட்டை சுற்றி. வண்டியை முழுதாகப் பூட்டித்தான் அனுப்புகிறோம், கடைக்காரர் பெடல் மட்டும் மாட்டுவார்.

இன்றும் கை வலி இல்லை. தைலம் வாங்கியது தண்டம்.

அக். 7, செவ்வாய்
டீக்குப் பிறகு பொட்டு உதிர்ந்தது. காய்ந்த சந்தனம், ஒரு வில்லையாக.

அடியில் இரண்டு கோடு. 14, 18. நான் 18 என்று வைத்திருப்பது 10. எண்களைப் பொட்டு மறைத்திருந்தது, அதற்கு முன்னால் தெரிந்த கடைசிக் கோட்டை 18 என்று எடுத்திருக்கிறேன். தினமும் காலையில் சரிபார்க்கும்போதும் அதே தப்பு. 10இல் வைத்தாலும் டக் என்றுதான் சத்தம் வரும். கை வலிக்காததன் காரணம் அதுதான், லீவு இல்லை. ஆறு வருடக் கைக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா. சுகமாக இருந்தது, அதனால் யோசிக்கவில்லை.

18க்கு ஏற்றினேன். எதிரில் சீட் போல்ட் போடும் மல்லிகா பார்த்துவிட்டாள். சொன்னேன்.

“நீ இன்னாத்துக்குக்கா வாயக் குட்த்து மாட்டிக்கிற? இந்த ஞாயித்துக்கெயம தீபாளித் துணி எடுக்கணும். கொடோன் வண்டிய எல்லாம் பிரிக்கச் சொன்னா எல்லாருக்கும் பேஜாரு.”

அடுத்த போல்ட்டை எடுத்தேன். சாரிடம் சொல்லவில்லை.

அக். 8, புதன்
மழை. இன்றும் சொல்லவில்லை. இரண்டு தடவை அவர் மேஜை வரை போய், தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

வண்டிகள் எல்லாம் பெண்பிள்ளைகள் ஓட்டுகிற சைஸ். போல்ட் தளர்வாக இருந்தால், ஹேண்டிலை ஒடித்தாலும் வீல் திரும்பாது. எதிரில் லாரி வந்தால்?

ரசம் உப்பு. இவர் மோர் ஊற்றிக்கொண்டார்.

அக். 9, வியாழன்
நாஷ்டாவுக்கு முன் சொல்லிவிட்டேன். செவ்வாயே தெரியும் என்பதையும் சொன்னேன்.

சார் திட்டுவார் என்று நின்றேன். ரெஞ்சை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். சந்தனம் இன்னும் ஓரத்தில் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினார். “நம்பர் மேல வெச்சது நான்தாம்மா,” என்றார். “ஆனா ரெண்டு நாள் இன்னா பண்ணிக்கினு இருந்த?”

ரெஞ்சைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

நாயுடுப்பேட்டைக்கு அவரே போன் போட்டார். இரண்டு வண்டி விற்றாகிவிட்டது, கடையில் இருப்பதை அவர்களே இறுக்கிவிடுவார்களாம். ஒன்று பக்கத்துத் தெரு, வரவழைத்து அதையும் இறுக்கிவிடுவார்களாம். இன்னொன்று யாரோ ஒரு பெண், திங்கட்கிழமை அப்பாவோடு வந்து வாங்கிப் போனவள். எந்த ஊர் என்று தெரியாது. கடைக்காரர் விசாரிக்கிறேன் என்றாராம்.

ஞாயிறு எல்லோருக்கும் வேலை. போர்டில் எழுதிவிட்டார்கள்.

அக். 10, வெள்ளி
வேனில் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அந்தப் பெண்ணைப் பற்றி விசாரித்ததில் ஒன்றும் தெரியவில்லையாம்.

அக். 12, ஞாயிறு
புழுக்கம். குடோனில் ஒரே ஒரு ஃபேன்.

அட்டையைப் பிரி, முன் வீலை முட்டிக்கு நடுவில் பிடி, ஹேண்டிலை ஒடி. முதல் இரண்டு அசையவில்லை. மூன்றாவது திரும்பியது. வீல் நேராக, ஹேண்டில் மட்டும் கோணலாக. போல்ட் மேல் என் பச்சைக் கோடு, வெகு ஒழுங்காக.

மல்லிகா வியாழனிலிருந்து பேசவில்லை. அடுத்த வண்டிக்கு அவளே வந்து வீலைப் பிடித்துக்கொண்டாள். “இறுக்குக்கா, நான் புட்ச்சிக்கினு கீறேன்.”

மூன்று மணிக்கு சார் போனோடு வந்தார். அந்தப் பெண் கடைக்கு வந்துவிட்டாளாம், மணி மாட்ட. சைக்கிளை ஓட்டிக்கொண்டே வந்திருக்கிறாள். ஹேண்டில் இடது பக்கம் கோணலாம், கடைக்காரர் நேராக்கி இறுக்கிவிட்டாராம். நேராகப் போக வேண்டும் என்றால் கோணலாகப் பிடித்து ஓட்டியிருக்கிறாள், இத்தனை நாளும், ஹைவே ஓரத்தில். கேட்டதற்கு, புது வண்டி இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன் என்றாளாம்.

சார் போய்விட்டார். காண்ட்ராக்ட் பற்றி அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

மீதி வண்டிகளையும் 18இல் இறுக்கினேன். மணிக்கட்டு வலி திரும்பிவிட்டது. வலிக்கட்டும்.