பாப்பாவின் வாயும் ஊரார் விரல்களும்

மாமா,

அலமாரியின் அடித்தட்டிலிருந்து பாப்பாவின் பழைய ஸ்ப்ளின்ட் உறைகளை எடுத்தேன். முழங்கை மடங்காமல், விரல் வாய்க்குப் போகாமல் இருக்கக் கையில் மாட்டிவிடுவோமே, அவைதான். உங்கள் தைல வாசனை இன்னும் அவற்றில் இருக்கிறது. உங்கள் பேத்திக்கு மூன்று வயதாகிவிட்டதால் இவை சேராது, மருத்துவமனையில் புதிது கொடுத்திருக்கிறார்கள். முகர்ந்து பார்க்கத்தான் எடுத்தேன்.

அண்ணத்தில் மிச்சமிருந்த ஓட்டையைப் போன வாரம் மறுபடி தைத்தார்கள். தையல் ஆறுகிறவரை யாரையும் உள்ளே விடாமல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார இந்த முறை நீங்கள் இல்லை.

எதற்கெடுத்தாலும் 'சீ' என்பதால் சொந்தக்காரர்கள் உங்களுக்கு வைத்த பெயர் 'சீ மாமா'. கிள்ளானில் லோரி ஓட்டிய காலத்திலேயே தேநீர்க் கடைக்குச் சொந்தக் கிளாஸோடு போனவராம் நீங்கள். பந்தியில் எவனாவது விரலை நக்கிவிட்டுக் கரண்டியைத் தொட்டால் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவீர்கள். அதனால்தான் பாப்பா அண்ணம் பிளந்து பிறந்து, குடித்த பாலெல்லாம் மூக்கு வழியே வந்தபோது, நீங்கள் கிட்டவே வரமாட்டீர்கள் என்று நினைத்தேன். புளித்த பால் என்னமாய் நாறும்! நீங்கள் தோளில் கிடந்த துண்டால் அவள் மூக்கைத் துடைத்தீர்கள், அதே துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டீர்கள். "பச்சப்புள்ளகிட்ட என்னம்மா அசிங்கம்?" என்றீர்கள்.

அசிங்கம் கேட் வழியாக வந்தது. பிள்ளை பார்க்க வந்தவர்கள் பிள்ளையைப் பார்க்கவில்லை. தாடையைப் பிடித்துத் திறந்து, கைப்பேசி விளக்கை அடித்து, ஓட்டையைப் பார்த்தார்கள். "கிரகணத்துல வெளிய போனியா? கத்தி கித்தி தொட்டியா?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே கேசரி தின்றார்கள். அந்த நெய் விரல்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் குமட்டுகிறது.

முதல் வயது நிறையுமுன் கோலாலம்பூரில் முதல் அறுவை சிகிச்சை. வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் மிஸ்ஸி படபடவென்று சொன்னார். "ஸ்பூன் வேணாம், ஸ்ட்ரா வேணாம், சூப்பான் வேணாம். கஞ்சிய நல்லா அரைச்சு கப்புல குடுங்க, முடிஞ்சதும் தண்ணி குடுங்க, தையல்ல ஒட்டக்கூடாது. சளிக்காரங்கள கிட்ட விடாதீங்க. ரத்தம் வந்தா, காய்ச்சல் அடிச்சா, தண்ணியே குடிக்கலைன்னா உடனே தூக்கிட்டு வாங்க. தையல் விட்டுச்சுன்னா திரும்ப ஓட்ட விழும், பேச்சு மூக்குலதான் வரும்."

"விரலு?" என்றீர்கள்.

"அதான் அங்கிள் மொத எதிரி."

வாழ்நாளெல்லாம் நீங்கள் சொன்னதை அரசாங்கமே ஒப்புக்கொண்டதுபோல உங்கள் முகம் மலர்ந்தது.

நான் கஞ்சி கொடுத்து முடித்ததும் நீங்களும் குனிந்து அவள் வாய்க்குள் பார்ப்பீர்கள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தவர் மாதிரி. "இருக்கு, இருக்கு" என்பீர்கள். தையலைச் சொல்கிறீர்கள்.

அந்தத் தீபாவளிக்குத் தையல் இன்னும் ஆறியிருக்கவில்லை. கேட்டை மறித்து நின்ற யாருடைய காரையோ எடுக்கச் சொல்ல நீங்கள் தெருவுக்குப் போனீர்கள். பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வந்திருந்த உங்கள் அக்கா அந்த நேரத்துக்குத்தான் காத்திருந்தார் போல. நான் சமையலறையிலிருந்து வந்து பார்த்தால், ஸ்ப்ளின்ட் உறைகள் தரையில் கிடக்கின்றன. முறுக்கைத் தன் வாயில் போட்டு மென்று, அந்தக் கூழை விரலில் எடுத்துப் பாப்பாவின் வாய்க்குள் திணித்துக்கொண்டிருக்கிறார்.

"மென்னுதான குடுக்குறேன்? உன் புருஷனையும் இப்படித்தான் வளத்தேன்."

"சீ! கைய எடு அக்கா!" வாசலில் நீங்கள். தெருவே திரும்பிப் பார்த்தது.

"நல்ல நாள் அதுவுமா என்னைய நாய் மாதிரி வெரட்டுறியேடா!"

"நாயி நக்கும் அக்கா. வாய்க்குள்ள வெரல விடாது."

முறுக்குத் தட்டைக் குப்பைத் தொட்டியில் கவிழ்த்தீர்கள். பாப்பா எச்சிலோடு ரத்தம் துப்பினாள். தூக்கிக்கொண்டு ஓடினோம்.

பிறகு ஓட்டை தெரிந்தபோது, அதனால்தான் என்று சொல்ல முடியாது, எவ்வளவு கவனமாக இருந்தாலும் சிலருக்குத் தையல் விடும் என்றார் டாக்டர். நீங்கள் காரில் ஏறியதும் சொன்னீர்கள்: "அவரு படிச்சவரு, நாகரிகமா சொல்றாரு. நான் அந்த வெரலப் பாத்தேன்மா."

மறு சிகிச்சைக்கு முன்பே நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். உங்களைக் கிடத்தியிருந்த கூடத்தில், அழுது மூக்கைத் துடைத்த அதே கையால் உங்கள் அக்கா பாப்பாவின் தாடையைத் தூக்கினார். "ஓட்ட அப்படியேதான் இருக்கா?" ஊர் என்ன சொல்லும் என்று எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். அன்றிலிருந்து மருமகளுக்குத் திமிராம்.

இன்று மத்தியானம் உங்கள் அக்கா மறுபடி வந்தார். உங்கள் மகன் வேலைக்குப் போயிருந்தார். கேட்டுக்கு வெளியே முறுக்கு டின், தும்மல், கைக்குட்டை.

"தொறலா. புள்ள மூஞ்சியப் பாத்துட்டுப் போயிடறேன்."

"தையல் ஆறட்டும் அத்தை. அப்புறமா வாங்க."

"நாங்க பாக்காத புள்ளையா? வாயத் தொறந்து ஒரு தடவ..."

"சீ!"

யோசித்துச் சொல்லவில்லை, மாமா. அடிவயிற்றிலிருந்து வந்தது, அதுவும் உங்கள் குரலில். அவர் ஒரு அடி பின்னால் போனார். "செத்தும் விடமாட்டேங்கிறான்," என்று முணுமுணுத்து, டின்னை மதில்மேல் வைத்துவிட்டுப் போனார். கார் தெருமுனை திரும்பும்வரை உங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். டின்னில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. நான் தொடவில்லை.

உள்ளே போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கப்பில் கஞ்சி கொடுத்தேன், பிறகு தண்ணீர். ஸ்ப்ளின்ட் மாட்டி விறைத்த கைகளை இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு பாப்பா கேட்காமலே வாயைத் திறந்தாள். யாருக்கும் திறக்கமாட்டாள் இப்போதெல்லாம்.

குனிந்து பார்த்தேன். என் கைகள் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய்க் கோத்துக்கொண்டன.

இருக்கு, மாமா. இருக்கு.