எண்பத்து மூன்று சதவீதம்

சோகார், ஓமன்
அக்டோபர் 18

அன்புள்ள ஜெர்லின்,

மாதா உன்னையும் அம்மாவையும் காக்கட்டும். அம்மாவின் கால் வீக்கம் வடிந்ததா? நான் சுகம். விக்டர் அண்ணன் லீவில் ஊருக்கு வருகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லத் தைரியம் வரவில்லை.

பெரிதாக ஒன்றுமில்லை. கம்பெனியின் வருகைப் பதிவு இனிப் பழைய விண்டோஸில் திறக்காதாம். அதனால் வெள்ளிக்கிழமை என் லேப்டாப்பில் புதியதை ஏற்றினேன். போனில் நிறைந்ததையெல்லாம் அதில்தான் மாற்றி வைத்திருந்தேன்; இடம் போதாது என்றது, சினிமாக்களை அழித்தேன். மூன்று தடவை முதலிலிருந்து ஆரம்பித்தது. கடைசியில் எண்பத்து மூன்று சதவீதத்தில் நாலு மணி நேரம் அசையாமல் நின்றது. அணைக்க வேண்டாம் என்றுதான் திரையில் எழுதியிருந்தது. ஆனால் தூத்துக்குடியிலும் சரி, இங்கேயும் சரி, கிரேன் மக்கர் பண்ணினால் மெயினை அணைத்துத்தானே போடுவோம்? பன்னிரண்டு வருடக் கைப்பழக்கம். அணைத்துவிட்டேன்.

ரிப்பேர் கடையில் ஒரு உடன்குடிக்காரர் பார்த்தார். "டிஸ்க்கே போயிட்டு அண்ணாச்சி. உள்ள ஒண்ணும் மிஞ்சல" என்றார்.

விக்டர் அண்ணன் திரும்பும்போது பாப்பாவின் மஞ்சள் தொப்பியைக் கொடுத்துவிடு. துவைக்காமல் கொடு.

டியூட்டி வேன் ஹாரன் அடிக்கிறது. பாப்பாவை அடக்கம் பண்ணிய மறுநாள் உன் போனிலிருந்த அவள் வீடியோக்களையெல்லாம் எனக்கு அனுப்பிவிட்டு அழித்தாய். "என்னால பாக்க முடியல. நீங்க வச்சுக்கிடுங்க, கல்லறைத் திருநாளுக்குக் கேக்கேன்" என்றாய்.

கேட்காதே, ஜெர்லின்.

உன்
அமலன்