கொட்டகைக்குப் பின்சுவர்

1959 ஆகஸ்ட் 11, செவ்வாய். ஸ்ரீரங்கம்

மெட்ராஸிலிருந்து கடிதம். தாய் வேஷமாம். மகன் செத்துக் கிடக்கும்போது மேலே விழுந்து அழ வேண்டுமாம். "அழுகைக்கு உங்களை விட்டால் ஆளில்லை" என்று புரொடக்ஷன் மேனேஜர் எழுதியிருக்கிறார். மகனாக நடிப்பவனுக்கு என்னைவிட நாலு வயசு கூட. எனக்கு முப்பத்து மூன்று. சிரிப்பு வந்தது, அதுவும் பாதியில் நின்றுவிட்டது. பதில் எழுதவில்லை.

வீட்டுக்கார அம்மாள் ரங்கநாயகி பிரசாதம் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு படத்தில் நான் பெருமாள் கோயில் தாயாராக வந்ததைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டவர். அதனால்தான் சினிமாக்காரிக்கு இந்தப் போர்ஷனை விட்டார். சந்திரலோசனா என்ற பெயருக்குள் ஒரு பாக்கியமேரி இருப்பது அவருக்குத் தெரியாது. ஜெபமாலை பவுடர் டப்பாவில் கிடக்கிறது. காமிரா இல்லாத இடத்திலும் வேஷம். அலுத்துவிட்டது.

ஆகஸ்ட் 19

முதுகு வலி. மழை வரும்போல் இருந்து வரவில்லை.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

பூசை முடிந்த கையோடு தங்கை ரோசரி வந்தாள். ஸ்கூல் டீச்சர் என்பது நடையிலேயே தெரிகிறது. செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டாள்: அம்மா உன்னைக் கூப்பிடுது.

அஞ்சு வருஷம் ஆயிற்று. ஐம்பத்து நாலில் அப்பா இறந்தார். பொன்மலை ஒர்க்ஷாப் ஃபிட்டர். தந்தி ஸ்டூடியோவுக்கு வந்தது. செட் போட்டு நிற்கிறது, ஹீரோ கால்ஷீட் மூணே நாள்தான் என்று எல்லாரும் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்கள். இருந்துவிட்டேன். இருந்துவிட்டேனே! நாலாம் நாள் வந்து நின்றேன். அப்பன் சவப்பெட்டியை மூடும்போது மூத்த மகள் பக்கத்தில் நின்று அழ வேண்டும், எங்கள் ஆட்களில் அதுதான் வழக்கம். அம்மா கதவைத் திறக்கவில்லை. உள்ளே இருந்தே சொன்னாள்: "அப்பனுக்கு ஒரு சொட்டு அழாதவ என் வாசப்படி ஏறக் கூடாது."

இப்போது என்ன வந்ததாம்? அம்மாவுக்குக் கண் இரண்டிலும் புரை, ஆள் நிழலாகக்கூடத் தெரிவதில்லை. நெஞ்சும் சரியில்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எடமலைப்பட்டி புதூரில் எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவரை ஒட்டித்தான் டென்ட் கொட்டகை. போன சித்திரையில் என் பழைய படம் ஒன்று, அதுதான் வெறும் தொட்டிலை ஆட்டிப் பாடுவேனே, அது இருபத்தாறு நாள் ஓடியிருக்கிறது. ஒரு நாள் தவறாமல் முதல் ஆட்டத்துக்கு அம்மா கொல்லையில் துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்துவிடுவாளாம். சினிமா என்ற வார்த்தையையே வாயில் எடுக்காதவள்! "கொட்டகையில கேட்டதை அவ வாயால ஒருதரம் கேக்கணும்" என்றாளாம்.

படத்தின் பேரைக் கேட்டதும் எழுந்து போய் அவளுக்குக் காப்பி போட்டேன். அதைப் பற்றி இப்போது எழுத வேண்டாம்.

அந்தப் பாட்டை நான் பாடவில்லை. பின்னணி. வாயை மட்டும் அசைத்தேன்.

செப்டம்பர் 2

அம்மாவுக்கு என்னிடம் பிடித்த ஒரே பொருள், அதுவும் என்னுடையது இல்லை.

செப்டம்பர் 9

ஒரு வாரமாகக் கதவைச் சாத்திக்கொண்டு பாடிப் பார்க்கிறேன். வீட்டுக்கார அம்மாள் கதவைத் தட்டி, தொண்டைக்கு மிளகு ரசம் வைத்துத் தரட்டுமா என்று கேட்டார். அதோடு விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 13

ரோசரிதான் யோசனை சொன்னாள். அந்தப் பாட்டு பிளேட்டாக வந்திருக்கிறது. கிராமபோனை உள்ளறையில் வைத்து அவள் ஓட்டுவாள், நான் கட்டிலருகே உட்கார்ந்திருந்தால் போதும். பாதிரியாருக்குப் பக்கத்து வீட்டில் வளர்ந்தவள், பேச்சைப் பார். கண் தெரியாத அம்மாவை ஏமாற்றலாமா என்றேன். "நீ பாடலைன்னு தெரிஞ்சு மறுபடி கதவைச் சாத்திட்டா? திரும்ப ஒருதரம் கூப்பிட அம்மா இருக்கணுமேக்கா" என்றாள். கிராமபோனுக்கு எங்கே போவது என்றேன்.

கல்யாணங்களுக்கு மைக் செட் வைக்கும் நஜிமுதீன் கிராமபோன் தருகிறேன் என்றார். எதற்கு என்று கேட்கவில்லை. நல்ல மனுஷர்.

பத்து வருஷம் வாயசைத்துச் சாப்பிட்டேன். இந்த ஆட்டத்துக்கு அதுகூட வேண்டாம். வெறுமனே உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

செப்டம்பர் 20, ஞாயிறு

போய்விட்டு வந்தேன். ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

அம்மா ஒரு பிடியாகிவிட்டாள். வா என்று சொல்லவில்லை. "யாரு, பாக்கியமா?" என்றாள். ஆமாம்மா என்றேன். கட்டில் காலடியில் உட்கார்ந்தேன். உள்ளறையில் ரோசரி இருமினாள், அதுதான் அடையாளம். வயலின் ஆரம்பித்தது.

"வயலின்காரங்க எங்கடி உக்காந்திருக்காங்க?" என்றாள் அம்மா. எனக்கு உயிரே போயிற்று. அதற்குள் பாட்டு வந்துவிட்டது. வெட்கங்கெட்ட வாய், பழக்கத்தில் தானே அசைந்தது. பார்க்கக் கண் இல்லாதவள் முன்னால் முழுப் பாட்டுக்கும் வாயசைத்தேன்.

பாட்டு முடிந்தது. முள் கரகரவென்று தேய்ந்தது, ரோசரி எடுத்துவிட்டாள். அம்மா தலையைச் சாய்த்துக் காத்துக்கொண்டே இருந்தாள்.

"அப்புறம்?"

"அவ்வளவுதாம்மா பாட்டு."

"பாட்டு கெடக்கு. அது யாரோ பாடுறது. கோயில் பாட்டுக் குழுவுலேருந்து ரெண்டே நாள்ல உன்னைத் திருப்பி அனுப்பினாங்களே, பெத்தவளுக்குத் தெரியாதா? பாட்டு முடிஞ்சதும் அழுவியே, அது எங்க? அதுக்குத்தானே தினம் கல்லுல போயி உக்காந்தேன்."

பிளேட்டில் பாட்டு மட்டும்தான் உண்டு. அழுகை படத்தில்தான். அது எங்கள் இரண்டு பேர் புத்திக்கும் எட்டவில்லை.

அம்மாவே சொன்னாள்: "சின்னப் பிள்ளையிலேருந்து நீ நெசமா அழுதா கடைசில விக்கல் வரும். சும்மா அழுதா வராது. அந்தப் படத்துல விக்கல் வருது. நடிக்கிறவளுக்கு விக்கல் எதுக்குடி வருது? யாருக்கு அழுத?"

சொல்லிவிட்டேன். தந்தி வந்த அன்றுதான் அந்தக் கட்டம் எடுத்தார்கள். பாட்டு முடிந்து நான் இரண்டு சொட்டு விட்டால் போதும். ஆனால் தொட்டில் கயிற்றைப் பிடித்ததும், இந்நேரம் அங்கே பெட்டியை மூடியிருப்பார்கள் என்று தோன்றியது. அப்புறம் என்னால் நிறுத்த முடியவில்லை. ஒரே டேக், பிரமாதம் என்று எல்லாரும் கை தட்டினார்கள். எங்கப்பாவுக்கு நான் அழுததுக்குக் கை தட்டினாங்க. யாருகிட்ட சொல்றது இதை? அஞ்சு வருஷமா இதைத்தான் ஊர் ஊரா டிக்கெட் போட்டு ஓட்டிட்டிருக்காங்க.

அம்மா என் கையைத் தடவித் தேடிப் பிடித்தாள். "இருபத்தாறு நாளும் நானும் கூட அழுதேன்" என்றாள். பிறகு உள்ளே திரும்பி, அந்தப் பாட்டுப் பெட்டியைக் கட்டி வச்சிட்டு அக்காவுக்குச் சோறு போடு என்று ரோசரியிடம் சொன்னாள்.

மீன் குழம்பு. இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 27

ஜெபமாலையை டப்பாவிலிருந்து எடுத்து ஆணியில் மாட்டினேன். வீட்டுக்கார அம்மாள் பார்த்துவிட்டுப் போனார். இன்று பிரசாதம் வரவில்லை.

அக்டோபர் 4

பிரசாதம் வந்தது. "உங்காத்துப் பழக்கம் எப்படியோ தெரியலை. வேண்டாம்னா சொல்லிடுங்கோ" என்றார். வேண்டும் என்று வாங்கிக்கொண்டேன்.

அக்டோபர் 15

மெட்ராஸுக்குப் பதில் போட்டேன். அழுகிற வேஷம் இனி வேண்டாம், சண்டைக்கார மாமியார் இருந்தால் சொல்லுங்கள், நன்றாகக் கத்துவேன்.

நவம்பர் 2, திங்கள்

கல்லறைத் திருநாள். இத்தனை வருஷமும் கூட்டமெல்லாம் போன பிறகு முக்காடு போட்டுக்கொண்டு தனியாக வருவேன். இந்த முறை அம்மாவைக் குதிரைவண்டியில் ஏற்றிக் காலையிலேயே போனோம். தூறல். அப்பா கல்லறையில் மெழுகுவத்தி அணைந்துகொண்டே இருந்தது, ரோசரி திரும்பத் திரும்ப ஏற்றினாள். பக்கத்துக் கல்லறைப் பெண்கள் என்னைப் பார்த்துக் கிசுகிசுத்தார்கள். ஒருத்தி சினிமாப் பேரைச் சொன்னது காதில் விழுந்தது.

அம்மாவுக்கும் விழுந்திருக்க வேண்டும். குரல் வந்த பக்கம் திரும்பி, "எம் மூத்த மக பாக்கியமேரி. அவங்கப்பாவுக்கு அழுதவ" என்றாள்.

இன்று எனக்கு அழுகை வரவில்லை. அம்மா மேல் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.