மேல் லயத்துக்குப் போன குழாய்

இன்று காலை எங்கள் தெருவில் தண்ணீர்க் குழாய் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பசையின் கார நெடி ஜன்னல் வழியே வந்ததும் உன் ஞாபகம் வந்தது. கூடவே கோபமும் வந்தது. இத்தனை வருஷம் ஆகியும் உன் ஞாபகம் எனக்குத் தனியாக வருவதில்லை.

தேயிலை விலை விழுந்து, ஓவேலிப் பக்கம் அந்த எஸ்டேட் ஃபேக்டரியை மூடிவிட்ட சமயம். ஃபேக்டரியோடு தண்ணீர் மோட்டாரும் நின்றது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் இருந்த பெண்கள் யானைத்தடத்தைத் தாண்டி ஓடைக்கு இறங்கிக் குடம் சுமந்தார்கள். மலை ஊற்றிலிருந்து லயங்களுக்குக் குழாய் போடும் திட்டம் நம் தொண்டு நிறுவனத்துக்குக் கிடைத்தது. களப்பொறுப்பு உனக்கு. கூடலூர் ஆபீஸில் சாமான் வாங்கி அனுப்பும் வேலை எனக்கு. நாம் தோழிகள்; ஒரே வயது, ஒரே வாடகை அறை.

முதல் கூட்டத்துக்கு லயத்து ஆட்கள் வந்தார்கள். மாதக்கணக்கில் சம்பளம் காணாதவர்கள். இலங்கையிலிருந்து வந்து குடியேறிய பெரியவர் ஒருவர்தான் கேட்டார்.

"தொரையும் போயிட்டாரு. நீங்களும் பாதியில விட்டுட்டுப் போயிருவீங்களா, பிள்ளை?"

"மேல் லயத்துல கடைசி ஊட்டுக்குத் தண்ணி வர்ற வரைக்கும் போகமாட்டேனுங்க" என்றாய்.

குழி தோண்டியவர்களோடு நீயும் தோண்டினாய். புதைத்த குழாயை யானை மிதித்து உடைத்தது. இன்னும் ஆழமாகத் தோண்டிப் புதைத்தீர்கள். அட்டைக்கடியோடு அறைக்கு வந்து, சாப்பிடாமல் தூங்கிப்போவாய். கீழ் லயத்தில் முதல் தண்ணீர் விழுந்த அன்று, "பீலியில தண்ணி வருது" என்று பெரியவர் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். குழாயை அவர் பீலி என்றுதான் சொல்வார்.

எதிர் மேட்டில் இருந்த மேல் லயத்துக்கு இன்னும் குழாய் போகவில்லை; ஆனால் அதோடு போதும் என்றார் நம் நிறுவன இயக்குநர்.

"முடிஞ்சதுன்னு ரிப்போர்ட் எழுதிடுங்க. நிதி கொடுத்தவங்க திறப்பு விழாவுக்கு வர்றாங்க."

"மேல் லயம் பாக்கி இருக்குதுங்க சார்."

"அது அடுத்த திட்டத்துல பாத்துக்கலாமுங்க."

நீ எழுதவில்லை. வேறு யாரோ எழுதினார்கள். ரிப்பன் வெட்டினார்கள், லட்டு கொடுத்தார்கள். உன்னை மேடைக்குக் கூப்பிடவில்லை. அடுத்த மாதம் உனக்கு வேலையும் இல்லை.

"ஊருக்கே போயிறலாம் புள்ள" என்றேன்.

"மிச்சக் குழாய் குடோன்ல சும்மாதான கெடக்குது? எடுத்துக் குடு."

யாரையும் கேட்காமல் ஜீப்பில் ஏற்றி அனுப்பினேன். அதற்காக இன்றுவரை நான் வருந்தவில்லை.

மழை பிடித்துவிட்டது. மேல் லயத்து ஆட்களோடு நீ குழிக்குள் நின்றிருந்தபோது மேட்டு மண் சரிந்தது. அவர்கள் மண்ணைக் கையாலேயே தோண்டி உன்னை வெளியே எடுத்தார்கள். பயனில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் நிருபரிடம் இயக்குநர் சொன்னார்: "அவங்க இப்ப எங்க ஸ்டாஃப் இல்லீங்க."

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். "குழாய் யாரோடதுங்க சார்?" என்று கேட்டேன். அவர் குடையை விரித்துக்கொண்டு காருக்குப் போனார். நான் திரும்ப அந்த ஆபீஸுக்குப் போகவில்லை.

உன் காரியம் முடிந்ததும் மேல் லயத்தார் மிச்ச வேலையை அவர்களே முடித்தார்கள். கடைசி வீட்டுக்கும் தண்ணீர் வந்தது. போய்ப் பார்த்தேன். தொட்டிக்குப் பக்கத்தில் புதுப் பலகை நின்றது. மேல் லயத்தையும் சேர்த்து எல்லாம் நிறுவனத்தின் சாதனை என்று எழுதியிருந்தது. பலகையை நட்டவர்களில் ஒருவன்கூடக் குழிக்குள் இறங்கியவன் இல்லை.

உன் மேலும் கோபம்தான். மழை விடட்டும் என்று இருந்திருக்கக் கூடாதா? இன்னும் ஒரு மழைக்காலம் அவர்கள் குடம் சுமந்திருப்பார்கள், அவ்வளவுதானே. இதை உன்னிடம் சொன்னால், "நீ சுமந்து பாரு" என்பாய். தெரியும். அதனால் கோபம் இன்னும் கூடுகிறது.

இப்போது வேறு ஊரில், வேறு திட்டங்களுக்கு நான் பொறுப்பு. முடிந்தது என்று ரிப்போர்ட் வந்தால், கடைசி வீட்டு வாசல்வரை நடந்து போய், ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்த பிறகுதான் கையெழுத்துப் போடுகிறேன். தாமதம் செய்கிறேன் என்று மெமோ வந்திருக்கிறது. வரட்டும்.