விசிறியடி நாற்காலி

1974 மே 13, திங்கள்
காலையிலேயே அனல். உப்பளப் பக்கம் பார்த்தால் கண் கூசுகிறது. விடுதித் தண்ணீரும் உப்பு. வாங்க: கார்பன் பேப்பர், எலுமிச்சை.

பல்கலைக்கழக ஆய்வுக்காக இன்றும் போலீஸ் ஸ்டேஷன். எந்தப் புகாரை வழக்காக்குகிறார்கள், எதைப் பேசி அனுப்புகிறார்கள் என்று பார்க்க வேண்டும். எஸ்.ஐ. விசிறிக்கு அடியில் நாற்காலி போடச் சொன்னார்.

அளத்துக் கணக்குப்பிள்ளை ஒரு கூலியாளை இழுத்து வந்தார். பெயர் ஏழுமலை. ஒரு மூட்டை உப்பு எடுத்துவிட்டானாம்.

"வருஷா வருஷம் வீட்டுக்கு ஒரு மூட்டை எடுத்துக்கிறதுதானுங்க. பழைய மொதலாளி ஒண்ணும் சொன்னதில்ல."

எஸ்.ஐ. என்னைப் பார்த்தார். "மேடம் இருக்காங்க. எல்லாம் சட்டப்படிதான்." திருட்டு வழக்கு. "சரிதானுங்களே மேடம்?"

தலையசைத்தேன். குறிப்பில் எழுதியது: நடைமுறையில் பிசகில்லை.

மே 14
ஏழுமலை ரிமாண்டில். ஜாமீனுக்கு நிலம் உள்ளவர் கையெழுத்து வேண்டும். அளத்துக் கூலிக்கு யார் போடுவார்கள்?

டீக்கடையில் கான்ஸ்டபிள்கள். நான் பின்னால் நிற்பது தெரியாது.

"ஏம்பா, அந்தம்மா என்னைக்கு ஊருக்குப் போவுது? அதுவரிக்கும் எவனையும் உள்ள கூட்டியாராதீங்கடா."

"அது குந்தியிருக்கலன்னா அய்யா ரெண்டு அறை உட்டு, மூட்டைய எறக்கி வச்சிட்டுப் போடான்னு அனுப்பிச்சிருப்பாரு."

சிரிப்பு. டீ வாங்காமல் திரும்பினேன்.

அடி நல்லது என்று எழுத முடியுமா? முடியாது. ஆனால் அடி வாங்கியவன் சாயங்காலம் வீட்டில் இருந்திருப்பான்.

மே 16
கோர்ட். அரசு வக்கீல் இளைஞர். வழக்கை வாபஸ் வாங்கினால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும் என்ற என் கட்டுரையைக் கல்லூரியில் படித்தாராம். ஏழுமலை வழக்கை விட்டுவிட முடியாதா என்று கேட்டேன்.

"வாபஸ் வாங்கலாம் மேடம். ஆனா காரணம் எழுதணும். நீங்களே வற்புறுத்தினதுதானே!" கிண்டல் இல்லை. மரியாதையாகத்தான் சொன்னார்.

ஏழுமலையின் மனைவி அஞ்சலை வெளியே வெயிலில். காரணம் எனக்குத் தெரியும். எழுதினால் இனி எந்த ஸ்டேஷனிலும் எனக்கு நாற்காலி கிடையாது. ஆய்வு அதோடு முடியும்.

"வறுமை என்று போடலாமே?" என்றேன்.

"அது நிக்காதுங்க மேடம்."

"என்னம்மா சொன்னாரு?" என்றாள் அஞ்சலை.

நாளைக்கு என்றேன். பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்காரவில்லை.

மே 17
மேகம். தலைவலி. முதல் பஸ்ஸில் போய் அரசு வக்கீலிடம் எழுதிக் கொடுத்தேன்: பேசி அனுப்பியிருக்க வேண்டியது, நான் பார்த்துக்கொண்டிருந்ததால் வழக்கானது. கையெழுத்து, பதவி, எல்லாம்.

மே 20
வழக்கு வாபஸ். எஸ்.ஐ. முகம் கொடுக்கவில்லை. பெட்டி கட்டியாயிற்று.

இருவரும் விடுதிக்கு வந்தார்கள். ஏழுமலை கும்பிட்டார். உங்களாலதாம்மா வெளிய வந்தேன் என்றார். உள்ளே போனது யாரால் என்று நான் சொல்லவில்லை. அஞ்சலை துண்டில் முடிந்த ஒரு பொட்டலத்தை நீட்டினாள்.

"உப்புங்க. எங்க அளத்துது."

வாங்கிக்கொண்டேன்.